பால் குடிக்காத பால் பாம்பு

விடியற்காலையில் பால் பீச்ச உட்காரும்போது, வழக்கமாக மூன்று லிட்டர் கறக்கும் மாடு ஒன்றரை லிட்டரோடு நின்றுவிட்டால், கம்பம் பள்ளத்தாக்கில் முதலில் பழி விழுவது சாரைப்பாம்பின் மேல்தான். "ராத்திரி சாரை வந்து பின்னங்காலைச் சுத்திக் கட்டிப்போட்டு மடியில வாய் வச்சிருச்சு" என்பார்கள். கூடலூரிலும் சொல்வார்கள், சின்னமனூரிலும் சொல்வார்கள். காம்பில் ஒரு கீறல் தெரிந்துவிட்டால் சந்தேகமே கிடையாது. அன்றைக்கு மதியத்துக்குள் வைக்கோல் படப்பைப் பிரித்து, அதற்குள் ஒரு சாரை அகப்பட்டால் அடித்துப் போட்டுவிட்டுத்தான் மறுவேலை.

அடுத்த நாளும் மாடு ஒன்றரை லிட்டர்தான் கறக்கும். அதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

பால் குறைந்ததற்குக் காரணம் மடியில்தான் இருக்கிறது, வேறு வகையில். மடிநோய் தொடங்கும்போது வீக்கமோ, பாலில் திரியோ கண்ணுக்குத் தெரியாது. பால் மட்டும் குறையும். கால்நடை மருத்துவர் நான்கு காம்பிலிருந்தும் கொஞ்சம் பால் எடுத்து மருந்து கலந்து பார்த்தால் எந்தக் காம்பில் நோய் என்று நின்ற இடத்திலேயே சொல்லிவிடுவார். மாடு பருவத்துக்கு வந்திருந்தாலும் பால் குறையும். கன்று கட்டை அவிழ்த்துக்கொண்டு ராத்திரி குடித்திருந்தாலும் குறையும். காம்பில் உள்ள கீறல் முள்ளாலோ கன்றின் பல்லாலோ வந்திருக்கும்.

பாம்பால் பால் குடிக்க முடியாது என்பதற்கு அதன் வாயே சாட்சி. சப்புவதற்கு உதடு கிடையாது. ஊசி ஊசியாக உள்நோக்கி வளைந்த பற்கள் வாய் நிறைய இருக்கின்றன. அப்படி ஒரு வாய் காம்பைக் கவ்வினால் எந்த மாடு நின்று கொடுக்கும்? முதல் உதையிலேயே பாம்பின் கதை முடிந்துவிடும். பாம்பாட்டியின் தட்டில் பால் குடிக்கிறதே என்றால், அது பல நாள் தண்ணீர் காட்டாமல் காயப்போட்ட பாம்பு. அந்த நிலையில் எந்த ஈரத்தையும் குடிக்கும். குடித்த பால் செரிக்காமல் பிறகு அதற்கே கேடாகும். பாம்பு தொழுவத்துக்கு வருவது உண்மைதான். அது தேடி வருவது தீவனமூட்டையை ஓட்டை போடும் எலியை.

கடல் தாண்டியும் இதே பழி

இந்தக் கதை இங்கே மட்டும் பிறந்ததல்ல. அமெரிக்காவில் மாட்டுப் பண்ணை வைத்திருந்தவர்களும் இதையேதான் சொன்னார்கள். அங்கே கொட்டகைக்குள் இரண்டு மூன்று அடி நீளத்தில், சிவப்பும் சாம்பலுமாகத் திட்டுத் திட்டாக ஒரு பாம்பு திரியும். ராத்திரியில் மாட்டிடம் பால் குடிக்கிறது என்று நம்பி, அதற்குப் பெயரே 'பால் பாம்பு' என்று வைத்துவிட்டார்கள். விஷம் இல்லாத பாம்பு. எலியையும் பல்லியையும் சுற்றி இறுக்கிக் கொன்று தின்னும். கனடாவின் தென்கிழக்கு முனையிலிருந்து தென் அமெரிக்கா வரை இந்தக் கூட்டம் பரவியிருக்கிறது. தெற்கே போகப் போக நிறம் கூடும். சிவப்பு, கறுப்பு, மஞ்சள் வளையங்கள் மாறி மாறி வரும். அங்குள்ள கொடிய விஷப் பவளப்பாம்பின் சாயல் அது. அந்தச் சாயலைக் கண்டு பருந்தும் நரியும் ஒதுங்கிப்போகும்.

எந்த நிறம் அதற்குக் காவலாக இருந்ததோ, அந்த நிறமே பிறகு அதைக் கூண்டுக்குள் கொண்டுபோனது. கடந்த நாற்பது ஐம்பது ஆண்டுகளில் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பால் பாம்பை வீட்டில் வளர்த்து, இயற்கையில் அபூர்வமாக வரும் நிறங்களைப் பிரித்தெடுத்துப் பெருக்கும் தொழில் வளர்ந்துவிட்டது. கறுப்பு அறவே இல்லாமல் வெளிறிய சிவப்பும் வெள்ளையுமாக ஒன்று. சிவப்பு இல்லாமல் கறுப்பும் சாம்பலுமாக ஒன்று. வெள்ளை வளையம் இருக்க வேண்டிய இடத்தில் ஆரஞ்சுப் பழ நிறத்தில் ஒன்று. ஹோண்டுராஸ் நாட்டு வகையில் இப்படிப் பல நிறங்கள் உண்டு.

நாலில் ஒன்று, பதினாறில் ஒன்று

இதன் சூட்சுமம் ஆடு, கோழி வளர்ப்பவர்களுக்குப் புதிதல்ல. இரண்டு கறுப்பு ஆட்டுக்கு எங்கிருந்தோ ஒரு வெள்ளைக்குட்டி பிறப்பதைப் பார்த்திருப்பார்கள். தாய் தகப்பன் இரண்டிடமும் அந்தக் குணம் வெளியே தெரியாமல் மறைந்து கிடந்தால், நாலு குட்டியில் ஒன்றுக்கு அது வெளிப்படும் என்பது கணக்கு. பாம்பிலும் அப்படித்தான். வெளிறிய நிறத்தை மறைத்து வைத்திருக்கும் ஒரு ஜோடி பத்து முட்டை இட்டால், இரண்டோ மூன்றோதான் அந்த நிறத்தில் பொரிக்கும். இரண்டு அபூர்வ நிறமும் ஒரே குட்டியில் சேர வேண்டும் என்றால் பதினாறில் ஒன்று. மீதிக் குட்டிகளுக்குப் பெரிய விலை கிடையாது. ஆனால் அவற்றுக்கும் தீனி போட வேண்டும்.

அதற்குள் எத்தனை வேலை! குட்டி பருவத்துக்கு வர இரண்டு மூன்று ஆண்டுகள் ஆகும். இணை சேரும் முன் இரண்டு மூன்று மாதம் 10 முதல் 15 டிகிரி குளிரில் தீனி இல்லாமல் உறங்க வைக்கிறார்கள். இட்ட முட்டையை ஈரம் குறையாமல் சுமார் 60 நாள் பாதுகாக்க வேண்டும். பொரித்த குட்டிக்குக் கண் திறக்காத சுண்டெலிக்குஞ்சுதான் உணவு. சில குட்டிகள் அதையும் தொடாது, பல்லிதான் வேண்டும் என்று அடம்பிடிக்கும். பாம்பு வளர்ப்பவர் முதலில் எலி வளர்க்க வேண்டும் என்பதுதான் அந்தத் தொழிலின் முதல் பாடம். எலியோடு மல்லுக்கட்டியே வெள்ளாமை செய்யும் ஊரில் இதைக் கேட்டால் சிரிப்புத்தான் வரும்.

நிறத்தை மட்டும் பார்த்துப் பெருக்கினால் வேறு குறைகளும் ஒட்டிக்கொண்டு வரும். ஆப்பிரிக்காவின் பந்து மலைப்பாம்பில் சிலந்தி வலை போன்ற கோலம் உள்ள ஒரு வகையைப் பிரித்தெடுத்தார்கள். அந்தக் கோலத்தோடு நரம்புக் கோளாறும் சேர்ந்தே வந்தது. தலையை நேராக நிறுத்த முடியாமல் ஆட்டிக்கொண்டே இருக்கும். அவ்வளவு தூரம் போகவேண்டாம். ராஜபாளையம் நாயில் தூய வெள்ளை உடலும் சிவந்த மூக்கும்தான் வேண்டும் என்று தேடித் தேடி இணை சேர்த்ததில், செவிட்டுக் குட்டிகள் பிறப்பதை வளர்ப்பவர்கள் அறிவார்கள். தேனி மாவட்டத்துக் கோம்பை நாய் செம்பழுப்பு உடம்பும் கறுத்த முகமுமாக இன்றும் திடமாக நிற்கிறதென்றால், அதை மலையடிவாரத்தில் வேட்டைக்கும் காவலுக்கும் வளர்த்தவர்கள் வேலையைப் பார்த்து வளர்த்தார்கள் என்பதால்தான்.

கைப்பேசி வழியாக வரும் ஆசை

இதெல்லாம் எங்கோ நடக்கும் விஷயம் என்று இனி விட்டுவிட முடியாது. உத்தமபாளையத்தில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்து வீட்டில் இருக்கும் ஒரு பையனை நினைத்துக்கொள்ளலாம். கைப்பேசியில் ஒரு காணொளி. கண்ணாடிப் பெட்டிக்குள் பவழமும் முத்தும் கோத்த மாதிரி ஒரு பாம்பு. "ஒரு ஜோடி இவ்வளவு, குட்டி ஒன்று இவ்வளவு, இடம் வேண்டாம், தண்ணி வேண்டாம்" என்று ஒருவர் கணக்குச் சொல்கிறார். திராட்சை விலை கீழே கிடக்கிறது, தேங்காய்க்கு வியாபாரி வரவில்லை என்ற நேரத்தில் அந்தக் கணக்கு யாருக்கும் இனிக்கும். "யப்பா, ஒரு ஜோடி வாங்கிப் போட்டா என்ன?" என்று அவன் கேட்டால், அவனைத் திட்டி அடக்குவதைவிட உட்காரவைத்துக் கணக்குப் போட்டுக் காட்டுவதே நல்லது.

முதலில், அந்தப் பாம்பு எந்த வழியாக வருகிறது? 2023 ஏப்ரலில் சென்னை விமான நிலையத்தில் கோலாலம்பூரிலிருந்து வந்த ஒரு பயணியின் பெட்டியில் 22 பாம்புகளைச் சுங்கத் துறையினர் பிடித்தனர். அதே ஆண்டு ஜூலையில் திருச்சி விமான நிலையத்தில் 47 மலைப்பாம்புக் குட்டிகளும் இரண்டு பல்லிகளும் பிடிபட்டன. துணிப்பையிலும் துளையிட்ட டப்பாவிலும் அடைத்து வரும் உயிர்கள். வெளிநாட்டு விலங்கை உரிமமும் சுகாதாரச் சான்றும் இல்லாமல் கொண்டுவருவது குற்றம். உலக வணிக ஒப்பந்தப் பட்டியலில் உள்ள அயல்நாட்டு உயிரினத்தை வைத்திருந்தால், 2024-ல் வந்த விதிப்படி மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். குட்டி போட்டாலும் செத்தாலும் கைமாறினாலும் அதையும் தெரிவிக்க வேண்டும். யாரோ ஒருவர் பையில் வைத்துக் கொடுத்த பாம்புக்கு என்ன தாள் காட்டுவது?

இரண்டாவது, வாங்குவது யார்? இந்தக் கேள்வியைக் கேட்காமல் இறங்கியதற்குத் தமிழ்நாட்டு விவசாயிகள் ஏற்கெனவே விலை கொடுத்திருக்கிறார்கள். 2012-ல் பெருந்துறைப் பக்கம் ஈமு கோழிப் பண்ணைகள் ஒன்றன்பின் ஒன்றாக விழுந்தபோது, நகையை அடகு வைத்துப் பணம் போட்டவர்களின் கையில் மிஞ்சியது தீனி கேட்டு நிற்கும் பறவைகள்தான். இறைச்சிக்கோ எண்ணெய்க்கோ அன்றாடம் வந்து வாங்கும் சந்தை இல்லை. புதிதாகச் சேர்பவரின் பணம்தான் பழையவரின் லாபமாக இருந்தது. நிறப்பாம்பு விஷயமும் அதே மாதிரிதான். அபூர்வம் என்பதால்தான் விலை. பத்துப் பேர் பெருக்க ஆரம்பித்தால் அபூர்வம் போய்விடும், விலையும் போய்விடும்.

மூன்றாவது, மண்ணுளிப் பாம்பு. இருதலைப் பாம்பு என்றும் சொல்வார்கள். வால் மழுங்கி இன்னொரு தலைபோல் இருக்கும். மண்ணுக்குள் புதைந்து எலியைப் பிடிக்கும் சாது. இதில் மருந்து இருக்கிறது, அதிர்ஷ்டம் இருக்கிறது, இத்தனை கிலோ இருந்தால் இத்தனை லட்சம் என்று ஒரு கூட்டம் பல ஆண்டுகளாக ஊர் ஊராக ஆசை காட்டி வருகிறது. பாம்பைப் பிடித்து வைத்துக்கொண்டு வாங்குபவருக்காகக் காத்திருந்தவர்களும், முன்பணம் கொடுத்து ஏமாந்தவர்களும் தமிழ்நாட்டின் பல மாவட்டங்களில் உண்டு. கடைசியில் வந்து நிற்பது வனத்துறை. 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி இந்த நாட்டுப் பாம்பைப் பிடித்து வைத்திருப்பதும் விற்பதும் குற்றம், சிறைத் தண்டனை உண்டு. 2022-ல் திருத்தப்பட்ட பிறகு அபராதமும் கூடியிருக்கிறது. மண்ணுளிக்குள் மருந்தும் இல்லை, மாணிக்கமும் இல்லை.

தப்பி ஓடினால்

பெட்டி திறந்து கிடந்து ஒரு ஜோடி நிறப்பாம்பு ஓடிவிட்டால் என்ன ஆகும் என்பதற்கும் சாட்சி இருக்கிறது. ஸ்பெயின் நாட்டுக்குச் சொந்தமான கிரான் கனாரியா என்ற தீவில் இயற்கையாகப் பாம்பே கிடையாது. அங்கே வளர்ப்புக்கு வந்த கலிபோர்னியா ராஜபாம்பு 1990-களின் கடைசியில் வெளியே தென்பட ஆரம்பித்தது. அது பால் பாம்புக்கு நெருங்கிய பங்காளி. காட்டில் பிடிபட்டவற்றில் வெளிறிய நிறத்தவை நிறைய இருந்ததிலேயே கூண்டிலிருந்து வந்தவற்றின் வாரிசு என்று தெரிந்துவிட்டது. அந்தத் தீவுக்கே உரிய பெரிய பல்லி இனம், பாம்பு பரவிய இடங்களில் ஏறக்குறைய துடைத்தெடுத்த மாதிரி ஆகிவிட்டது. ஆண்டுதோறும் ஆள் வைத்துப் பிடித்தும் இன்னும் ஒழியவில்லை.

கம்பம் பள்ளத்தாக்கு தீவு இல்லைதான். ஆனால் ஒரு பக்கம் மேகமலை, மறுபக்கம் பெரியாறு. 2021-ல் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகம் அறிவிக்கப்பட்ட மலைத்தொடர் தோட்டத்து வேலிக்கு அப்பால் நிற்கிறது. அங்கே வாழும் பல்லியும் தவளையும் வேறெங்கும் இல்லாதவை பல. அவற்றின் நடுவே புது வேட்டைக்காரனையும், அதோடு வரும் புது நோயையும் விடுவது யாருக்கும் நல்லதல்ல.

வரப்பில் கிடக்கும் நிறம்

நிறம்தான் பார்க்க வேண்டும் என்றால் வெளிநாட்டுக்குப் போகவேண்டியதில்லை. சாரையிலேயே எத்தனை நிறம்! வெளிர் மஞ்சளாக ஒன்று, புல்லின் பச்சை கலந்த பழுப்பாக ஒன்று, சாம்பலாக ஒன்று, கருஞ்சாரை என்று சொல்லும் அளவுக்குக் கறுத்தது ஒன்று. மண்ணுக்கும் ஊருக்கும் தக்கபடி மாறும். எப்போதாவது நாகத்தில் வெள்ளைகூடப் பிறக்கும். கோவைப் பக்கம் வெள்ளை நாகத்தை வீட்டருகே பிடித்துக் காட்டில் விட்டிருக்கிறார்கள். அது தெய்வப் பிறவி என்பார்கள். நிறம் இல்லாத உடம்பு எதிரியின் கண்ணுக்குச் சுலபமாகப் படும் என்பதால் காட்டில் அதற்கு ஆயுள் குறைவு என்பதே நடைமுறை.

சாரையை அடையாளம் காண்பது கடினமில்லை. பெரிய, உருண்டைக் கருவிழி. மேலுதட்டிலும் தாடையடியிலும் மை தீட்டிய மாதிரி நின்ற கோடுகள். உடம்பின் பின்பாதியில் கறுப்பு விளிம்பிட்ட பட்டைகள். படம் எடுக்காது. விஷம் கிடையாது. பகலில்தான் திரியும், ஆளைக் கண்டால் அம்புபோல ஓடும். இரண்டு சாரை முறுக்கிய கயிறாக நிமிர்ந்து ஆடுவதைப் பார்த்து, 'சாரையும் நல்லபாம்பும் பிணையுது' என்று வெள்ளைத்துணி போடுவார்கள். உண்மையில் அவை இரண்டும் ஆண் சாரைகள். பெட்டைக்காக ஒன்றை ஒன்று கீழே அழுத்தப் போடும் மல்யுத்தம் அது. சாரையின் ஜோடி சாரைதான், நாகத்தின் ஜோடி நாகம்தான்.

பெரியாறு அணை 1895-ல் கட்டி முடிந்த நாளிலிருந்து லோயர் கேம்ப் வழியாக இறங்கும் தண்ணீரில் இந்தப் பள்ளத்தாக்கு பசுமையாக இருக்கிறது. 14,707 ஏக்கரில் இருபோக நெல். வரப்பு ஓரம் எலிவளை. எலி தின்பது கொஞ்சம், அறுத்துப் போடுவது அதிகம், வளைக்குள் சேர்ப்பது அதைவிட அதிகம். கிட்டி வைத்தால் கூலி. மருந்து வைத்தால் செத்த எலியைத் தின்ற ஆந்தையும் பூனையும் சாகும். வளைக்குள்ளேயே நுழைந்து தாயையும் குஞ்சையும் சேர்த்து விழுங்குவது பாம்பு ஒன்றுதான். அதற்குக் கூலி கிடையாது.

இந்தச் சாரையை ஒரு காலத்தில் தோலுக்காக லட்சக்கணக்கில் உரித்து ஏற்றுமதி செய்தார்கள். பிடித்துக் கொடுத்தவர்களில் வட தமிழ்நாட்டு இருளர்கள் முக்கியமானவர்கள். 1970-களில் தோல் வியாபாரம் தடை செய்யப்பட்டபோது அவர்கள் பிழைப்பு போனது. 1978-ல் இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற்கூட்டுறவுச் சங்கம் தொடங்கி, மாமல்லபுரம் அருகே வடநெம்மேலியில் விஷம் எடுக்கும் வேலைக்கு மாறினார்கள். நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் இந்த நான்கையும் அரசு அனுமதியோடு பிடித்து, சில வாரம் வைத்து விஷம் எடுத்துவிட்டுத் திரும்பக் காட்டில் விடுகிறார்கள். பாம்புக்கடிக்கு மருத்துவமனையில் ஏற்றும் மருந்துக்கு மூலம் அந்த விஷம். அந்தச் சமூகத்தைச் சேர்ந்த வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் 2023-ல் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது. பாம்பை வைத்து நேர்மையாகச் சம்பாதிக்க இந்த நாட்டில் ஒரு வழி இருக்கிறதென்றால் அது இதுதான். அதுவும் தலைமுறை தலைமுறையாக வந்த கைப்பழக்கம். காணொளி பார்த்துக் கற்றுக்கொள்வது அல்ல.

பயமும் நியாயமே

பாம்பை அடிக்காதே என்று சொல்வது எளிது. திண்ணையில் பிள்ளை தவழும் வீட்டில் அது எடுபடாது. 2000 முதல் 2019 வரை இந்தியாவில் சுமார் 12 லட்சம் பேர் பாம்புக்கடியால் இறந்தார்கள் என்று ஓர் ஆய்வு கணக்கிட்டது. பெரும்பாலோர் கிராமத்தார். 2024 நவம்பரில் தமிழ்நாடு அரசு பாம்புக்கடியைக் கட்டாயம் பதிவு செய்து தெரிவிக்க வேண்டிய ஒன்றாக அறிவித்ததும் இதனால்தான். ஆகவே பயம் இருக்கட்டும். எதைக் கண்டு பயப்படுவது என்பது தெரிந்திருக்க வேண்டும். கொல்வது பெரும்பாலும் அந்த நான்கு பாம்புகள்தான். அடிபட்டுச் சாவதோ, கண்ணில் படும் சாரை. சாரை போன தோட்டத்தில் எலி பெருகும். எலி பெருகிய தோட்டத்துக்கு நாகமும் கண்ணாடிவிரியனும் வரும்.

செய்யக்கூடியவை சில உண்டு. தவிட்டு மூட்டையும் புண்ணாக்கும் தகர டப்பாவில் மூடி இருக்கட்டும். வைக்கோல் படப்பும் விறகும் வீட்டுச் சுவரை ஒட்டி வேண்டாம், பத்தடி தள்ளி இருக்கட்டும். ராத்திரி தண்ணீர் பாய்ச்சப் போனால் டார்ச்சும் காலுக்குச் செருப்பைவிட உயரமான ஷூவும் வேண்டும். கட்டுவிரியன் தரையில் படுத்தவரைத்தான் தேடிவந்து கடித்த மாதிரி கடிக்கும், வலியும் பெரிதாகத் தெரியாது. கட்டிலும் கொசுவலையும் அதற்குக் காவல். பன்றிக்கும் மயிலுக்கும் பயந்து தோட்டத்தைச் சுற்றிக் கட்டும் பழைய மீன்வலையைத் தரையிலிருந்து ஒரு முழம் உயர்த்திக் கட்டினால் சாரை சிக்கிச் சாகாது. நெல் வயலில் இரவுக்கு ஆந்தை உட்கார டி வடிவில் குச்சி நட்டால் பகல் காவல் சாரைக்கு, இரவுக் காவல் ஆந்தைக்கு. வீட்டுக்குள் எந்தப் பாம்பு புகுந்தாலும் தீயணைப்பு நிலையத்துக்குச் சொன்னால் பிடித்துப்போவார்கள். கடித்துவிட்டால் கட்டுப்போடுவதும் கீறுவதும் மந்திரிப்பதும் வேண்டாம். கடிபட்ட காலை அசைக்காமல் அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். க.விலக்கில் உள்ள தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மருந்து இலவசம்.

ஜோடி வாங்கிப் போடலாமா என்று கேட்ட பையனிடம் ஒரு வேலை கொடுக்கலாம். இந்தப் போகத்தில் வரப்பு வரப்பாக நடந்து எத்தனை எலிவளை, எத்தனை சாரை என்று ஒரு நோட்டில் எழுதட்டும். எந்த நிறம், எந்த வயல், என்ன தேதி என்பதும் இருக்கட்டும். தொடவேண்டாம், பிடிக்கவேண்டாம், பத்தடி தள்ளி நின்று பார்த்தால் போதும். அறுவடை முடிந்து, சாரை நடமாடிய வயலிலும் இல்லாத வயலிலும் ஏக்கருக்கு எத்தனை மூட்டை என்று அதே நோட்டில் பக்கத்தில் எழுதினால், எந்தப் பாம்பில் காசு இருக்கிறது என்பதை அவனே சொல்லிவிடுவான்.